சடங்குப் படத்தால் நின்றுபோன நேர்முகத் தேர்வு

அனுப்புநர்
அ. சந்தனமாரி அம்மாள்,
காலஞ்சென்ற அய்யாக்குட்டி அவர்களின் மனைவி,
பலசரக்குக் கடை செந்தில்வேல் வீடு,
மில்லர்புரம், தூத்துக்குடி.

பெறுநர்
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
தென்முத்துக்கரை உப்பு உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம்,
கடற்கரைச் சாலை, தூத்துக்குடி.

பொருள்: தட்டச்சர் வேலை – நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு பெற்று வந்த என் பேத்தி செ. முத்துக்கனியைப் புகைப்படத்தைக் காரணம் காட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பியது – வருகிற திங்கட்கிழமை அவளை அனுமதிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

1. இந்த மனு எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறது என்பது தங்களுக்குத் தெரிந்தால் நல்லது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேரன் சிவனணைந்தபெருமாள் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அவன் ஓட்டும் கிரேன் தெரியும். வரிசையில் எது அவனுடையது என்பதுதான் தெரியாது. அடுத்த பேரன் ஸ்ரீவைகுண்டத்தில் மின்வாரியக் கம்பியாளர். போன ஐப்பசி மழையில் கோயில் தெரு இருண்டு கிடந்தபோது கம்பத்தில் ஏறி விளக்கு எரிய வைத்தவன் அவன்தான். மகள் வயிற்றுப் பேத்தி பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடிக்கப் போகிறாள். கடைக்குட்டிப் பேரன் பள்ளிக்கூட சைக்கிள் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பையனுடைய சைக்கிள் புதிது.

2. இவர்களுக்கு நடுவில் பிறந்தவள் முத்துக்கனி. என் மகன் செந்தில்வேலின் ஒரே மகள். எங்கள் வகையறாவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள். தமிழ்த் தட்டச்சில் ஹையர், ஆங்கிலத்தில் லோயர், இரண்டும் முதல் வகுப்பு. இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றால், உள்ளே அத்தனை பேர் அடித்துக்கொண்டிருந்தாலும் முத்துக்கனியின் மெஷின் எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அவளுக்கு நேர்ந்ததைத்தான் தங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

3. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனுவைத் தட்டச்சில் அடித்துத் தருவதாகப் பேத்தி சொன்னாள். மனு என்னுடையது, என் கையாலேயே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மேலே எழுதத்தான் முடிந்தது. எழுத்தில் பிழை இருந்தால் அய்யா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

4. முத்துக்கனி இரண்டு வருடமாக வேலை தேடுகிறாள். எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து வருகிறாள். பத்திரிகையில் விளம்பரம் வந்தால் அன்றைக்கே விண்ணப்பம் எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிடுவாள். ஒரு இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் மணியை அடிக்காமல் மெதுவாகப் போவார். அது அவருடைய நல்ல மனது. ஆனால் அந்த மணி அடிக்காததுதான் எங்களுக்குப் பெரிதாகக் கேட்கும்.

5. குறை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தவர் தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் ஜெபகனி டீச்சர். விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஒருநாள் வாங்கிப் படித்தார்களாம். அது அவளுடைய சிநேகிதி கிருபை எழுதியதைப் பார்த்து எழுதியது. கிருபை வேறு யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியவள். அதில் வயதான தகப்பனார், கரையேற வேண்டிய ஐந்து தங்கைகள், தங்கள் பாதம் பணிந்து கேட்கிறேன் என்று ஒரு பக்கம் முழுக்க அழுகை. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏளா முத்துக்கனி, உனக்கு ஏது அஞ்சு தங்கச்சி? உங்க அம்மை எனக்குத் தெரியாம எப்ப பெத்தா?” என்று கேட்டார்களாம். வகுப்பே சிரித்ததாம். பிறகு டீச்சர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள்: “நீ கேக்கது வேலையா, தர்மமா? வேலைதான்னா, உனக்கு என்ன தெரியும்னு எழுது. நீ எவ்வளவு கஷ்டப்படுதேன்னு அவங்களுக்கு எதுக்கு?”

தங்கள் சங்கத்துக்கு வந்த விண்ணப்பம் அந்தப் பழைய விண்ணப்பம் அல்ல என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் சங்கத்துக்கு அவள் ஒரு தங்கையையும் எழுதவில்லை.

6. அன்று முதல் எங்கள் வீட்டில் வேலை தேடுவதே ஒரு வேலையாக நடந்தது. அப்பன் கடையில் பள்ளிக்கூட நாளிலிருந்து வரவு செலவு எழுதுவது அவள்தான். கருப்பட்டி மொத்த வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவதும், சரக்குக் குறைந்து வந்தால் மரியாதை குறையாமல் சண்டை போடுவதும் அவள்தான். இதையெல்லாம் ஒரு வேலை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. டீச்சர் அதை முதல் வரியில் வைக்கச் சொன்னார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே காகிதத்தை அனுப்பக்கூடாது என்றார்கள். மில்லுக்கு எழுதினால் மில்லுக்கு வேண்டியது, கப்பல் கம்பெனிக்கு எழுதினால் அவர்களுக்கு வேண்டியது. தங்கள் சங்கத்துக்கு எழுதும்போது அவளுடைய தாய்மாமன் உப்பளத்தில் கங்காணியாக இருப்பதையும், மூட்டைக் கணக்கும் லாரிச் சீட்டும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம் என்பதையும் எழுதினாள். சான்றிதழ் நகல்களுக்கெல்லாம் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் மாட்டு டாக்டர்தான். மாடு இல்லாமல் போகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் உட்கார வைத்து மோர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் அனுப்பிய பிறகு சும்மா இருக்கக்கூடாது, வந்து சேர்ந்ததா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றும் டீச்சர் சொன்னார்கள். தங்கள் அலுவலகத்துக்கும் அவள் அப்படி வந்து கேட்டாள். “வந்திருக்கும்மா, போங்க” என்று ஒருவர் அன்பாகச் சொன்னாராம்.

7. அய்யா, அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது என் கை ஓடுகிறது. வைகாசியில் ஒரு நூல் மில்லிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. தபால்காரர் தெருமுனையிலேயே மணி அடிக்கத் தொடங்கி எங்கள் வாசல் வரை அடித்துக்கொண்டே வந்தார். ஆனி பிறந்ததும் கப்பல் ஏஜென்சியிலிருந்து ஒன்று. அடுத்த வாரமே தங்கள் சங்கத்திலிருந்து ஒன்று. இரண்டு வருடம் ஒன்றும் வராத வீட்டுக்கு ஒரே கோடையில் மூன்று அட்டைகள்! தெருவில் உள்ளவர்கள் வந்து வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்களும் முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். மில்லில் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கப்பல் ஏஜென்சியில் நன்றாகப் பதில் சொன்னாள். அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலிருந்தும் அவள் தலை நிமிர்ந்துதான் திரும்பி வந்தாள். மூன்றாவது நமக்குத்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை. தங்கள் சங்கத்து வேலையைத்தான் அவளும் அதிகம் விரும்பினாள். உப்பைப் பற்றிக் கேட்டால் யாரும் என்னை மடக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

8. இனி புகைப்படத்தைப் பற்றி. மற்ற இரண்டு இடத்திலும் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கவில்லை. தங்கள் விளம்பரத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் குடும்பங்களில் பெண்பிள்ளைக்குச் சடங்கின்போது ஒரு படம் எடுப்பது வழக்கம். அதற்குப் பிறகு மணவறையில்தான் அடுத்த படம். நடுவில் எடுத்தால் அந்தப் படம் தரகர் கைக்குப் போய் ஊர் சுற்றும் என்று பயம். ஆகவே முத்துக்கனிக்கு இருந்தது ஒரே படம், சடங்குப் படம். ஆனால் என்ன படம் அது! பட்டுப் பாவாடை தாவணி, நெற்றிச்சுட்டி, புயத்தில் வங்கி, ஒட்டியாணம், தலையிலிருந்து இடுப்பு வரை பூ தைத்த சடை. அந்தச் சடை தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுத்தது. தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். ஸ்டுடியோ செபாஸ்டின் அதைச் சிறிதாக்கிப் பிரதி போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, “ஆச்சி, புதுசா ஒண்ணு எடுத்துருவோமே. பாக்குதவன் இது ஆரு பிள்ளைன்னு கேப்பான்” என்றார். இதைவிட நல்ல படம் எந்தப் பிள்ளைக்கும் இருக்காது என்று நான்தான் அதையே அனுப்பச் சொன்னேன்.

9. சென்ற செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு. நானும் அவளோடு டவுன் பஸ்ஸில் வந்து தங்கள் அலுவலக வளாகத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே கீழே எழுதுவது என் கண்ணால் பார்த்து, காதால் கேட்டது.

வாசல் மேசையில் திரு. வெள்ளத்துரை என்ற எழுத்தர் ஒவ்வொருவர் முகத்தையும் விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தோடு ஒப்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். முத்துக்கனி வெள்ளைச் சேலை கட்டி, ஒற்றைச் சடை பின்னி, மூக்குக் கண்ணாடி போட்டு நின்றாள். தட்டச்சுப் படித்ததிலிருந்து கண்ணாடி போடுகிறாள். எழுத்தர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, இது சடங்கு வீட்டுப் படம்லா? இதுல ரெண்டு பிள்ளைக இருக்கு. நீ இதுல ஆரு? முன்னால இருக்கியா, பின்னால இருக்கியா?”

“ரெண்டும் நான்தான் சார். பின்னால இருக்கது கண்ணாடில தெரியுத சடை” என்றாள்.

“எங்களுக்கு ஒரு ஆளுதான் வேணும்” என்றார் அவர். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதியிருக்கிறதே என்று அவள் எடுத்துக் காட்டினாள். இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று இருந்தது. படத்தில் அந்த இடத்தில் நெற்றிச்சுட்டி. வலது புயத்தில் மச்சம் என்று இருந்தது. படத்தில் அந்த இடத்தில் வங்கி. எழுத்தர் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, “இது உன் தங்கச்சியா இருக்கும். சரியான படத்தோட வா, இல்லைன்னா சரியான ஆள அனுப்பு” என்று சொல்லிவிட்டார்.

தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மரத்தடியில் இருக்க முடியவில்லை. எழுந்து போய், “அய்யா, நான் இவளுக்கு ஆச்சி. இந்தச் சடங்குக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனதே நான்தான். இவளுக்குத் தங்கச்சியே கிடையாது” என்றேன். “ஆச்சி, நீங்க சாட்சி சொல்லுததுக்கு இது கோர்ட்டு இல்ல. அங்கன போய் நிழல்ல இருங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை; மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே விடவில்லை. பேத்தியின் பெயருக்கு எதிரே ‘ஆள் அடையாளம் பொருந்தவில்லை’ என்று எழுதிவிட்டார். வராதவர்களுக்கும் மீதம் உள்ளவர்களுக்கும் வருகிற திங்கட்கிழமை நேர்முகம் உண்டு என்றும், அதோடு பட்டியல் முடிந்துவிடும் என்றும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பஸ்ஸில் முத்துக்கனி அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வந்ததும், “உப்பப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலியே ஆச்சி” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

10. அய்யா அவர்கள் தயவுசெய்து சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

(அ) விளம்பரத்தில் ‘புகைப்படத்துடன் விண்ணப்பிக்கவும்’ என்று மட்டுமே கண்டிருந்தது. எப்போது எடுத்த படம் என்று சொல்லவில்லை. விளம்பரத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

(ஆ) அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதானே தங்கள் அலுவலகம் அழைப்பு அட்டை அனுப்பியது? அட்டை அனுப்பும்போது பொருந்திய முகம் வாசலில் வந்து நின்றதும் பொருந்தாமல் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

(இ) படம் யாருடையதாக இருந்தாலும் விரல் அவளுடையது. ஒரு காகிதத்தைக் கொடுத்து மெஷின் முன்னால் உட்கார வைத்திருந்தால், தட்டச்சுச் சான்றிதழ் வாங்கியவள் இவள்தானா இல்லையா என்பது உடனே தெரிந்திருக்கும்.

எழுத்தர் திரு. வெள்ளத்துரை மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் மகன் அப்படி எழுதச் சொன்னான். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆள் மாறாட்டம் நடக்காமல் பார்ப்பது அவருடைய வேலை. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவருடைய அட்டை வந்த அன்றைக்கு அவர் வீட்டிலும் ஒரு ஆச்சி துள்ளியிருப்பாள். வேலை கேட்டு வந்த பிள்ளையை வைத்து வரிசை சிரிக்கும்படி பேச வேண்டாம் என்று மட்டும் தாங்கள் அவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

11. நேற்று நாங்கள் செய்ததையும் தெரிவிக்கிறேன். நடுவில் படம் எடுப்பதில்லை என்ற வழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். மகன் முதலில் சம்மதிக்கவில்லை. “எம்மா, நாலு பேரு என்ன சொல்லுவாக? படம் வெளிய போச்சுன்னா?” என்றான். “போகட்டும்ல. சங்கத்து ஆபீசுக்குத்தான போவுது. அங்க போய் ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்” என்றேன். மருமகளும் என் பக்கம் பேசினாள். இத்தனை வருடத்தில் அவளும் நானும் ஒரே பக்கம் பேசியதைக் கேட்டு அவன் வேறு வழி தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கடையை அரை நாள் சாத்திவிட்டு மூன்று பேருமாக அவளைச் செபாஸ்டின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனோம். நான் பழக்கத்தில் தலைக்குப் பூ வாங்கிக்கொண்டு போய்விட்டேன். பேத்தி அதை வாங்கி என் தலையிலேயே வைத்துவிட்டாள். தாலியறுத்தவள் தலையில் பூவா என்று நான் எடுக்கப் போனேன். செபாஸ்டின் அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார், படம் எடுத்து முடிகிற வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் நிலைக்கண்ணாடி இல்லை, நகை இல்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் அவள் முகம் மட்டும். செபாஸ்டின் அவசரம் தெரிந்து இன்று காலையிலேயே பிரதி போட்டுத் தந்துவிட்டார். படத்தின் பின்புறம் மாட்டு டாக்டர் அவர்கள் ‘இது செ. முத்துக்கனிதான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்திருக்கிறார்.

12. திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. தாங்கள் அனுமதித்தால் அதையும் பார்க்கப் போவதில்லை. பேத்தி முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள். வேலை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் தன் வாயால் பதில் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியது. அவளை உள்ளே விட்டு, உட்கார வைத்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன். உப்பைப் பற்றியும் கேளுங்கள்.

புதுப் படத்தை இந்த மனுவோடு குண்டூசியில் குத்தாமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். அதில் அவள் சிரிக்கவில்லை, நேராகப் பார்க்கிறாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பார்க்கப் பார்க்க, காலையில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புகிற பெண் மாதிரியே தெரிகிறாள். ஆகவே, அய்யா அவர்கள் தயவுகூர்ந்து முத்துக்கனியின் விண்ணப்பத்திலிருந்து சடங்குப் படத்தை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை வாசல் மேசைக்குப் போவதற்கு முன்பே இந்தப் புதுப் படத்தை அதே இடத்தில் ஒட்ட உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 14–7–1978

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. சந்தனமாரி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

இணைப்பு: விளம்பரத் துண்டு, அழைப்பு அட்டை, புதுப் புகைப்படம் ஒன்று.